மருத்துவர்கள் கைவிட்ட முழங்கால்

கோபத்தோடு எழுதாதே, நாலு நாள் ஆறப்போட்டு எழுது என்று என் மனைவி சொன்னாள். பத்து நாள் ஆறப்போட்டுவிட்டேன். ஆறவில்லை. அதனால் மதுரைக்குப் போய்வந்ததைச் சூடாகவே எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில்காரன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். அங்கே மெய்ப்புப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வந்தது. எந்தப் பத்திரிகையிலும் எனக்கு நாற்காலி கிடையாது. கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் கால்பந்துப் போட்டிகளை ஒரு மாலைத்தாளுக்கு எழுதுவேன். கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றுக்கு விளையாட்டுக்காரர்களின் சாட்சிகளை எழுதுவேன். சாட்சி என்றால், கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று சபையில் எழுந்து நின்று சொல்வது. இருபது வருடமாக இந்த இரட்டைப் பிழைப்பு. மைதானத்தில் என்னை உபதேசியார் என்பார்கள். சபையில் பந்துக்காரன் என்பார்கள்.

மூன்று மாதம் முன்பு பேரையூர்ப் பக்கத்துக் கபடிப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தேன். பெயர் எஸ்தர், இருபது வயது. முழங்காலில் அடிபட்டு, உபவாச ஜெபத்தில் சுகமானவள். அவளை நான் பார்க்கவில்லை. அவள் ஊர்ப் பாஸ்டரிடம் போனில் கேட்டு எழுதினேன். இப்போது மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை தேர்வு. நேரில் போய் இரண்டாவது கட்டுரை எழுதிக் கொண்டு வா என்றார் இதழின் ஆசிரியர். போனேன்.

வெள்ளிக்கிழமை காலை மதுரை. ரயிலில் நான் தூங்கவில்லை. தூங்கினால் ஸ்டேஷன் போய்விடும் என்று பயம். இறங்கியதும் பையின் நாலு ஜிப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். இலையில் இரண்டு இட்லி, நாலு சட்னி. எங்கள் ஊரில் ஒரு சட்னியும் சாம்பாரும் வைத்தால் மரியாதையாக எழுந்து போவோம். இங்கே நாலு. இதில் எது நேற்றையது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாக விரலில் தொட்டு மோந்து பார்த்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த கணவனும் மனைவியும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பரிமாறுகிறவர் குனிந்து எனக்கு மொழிபெயர்த்தார்.

"அண்ணே, உங்களத்தான் சொல்றாக. சட்னிய மோந்து பாத்துச் சாப்புடுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறாகளாம்."

எனக்குக் காது சுட்டது. அந்த அம்மா தமிழுக்கு மாறினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல பழக்கந்தான். எங்க வீட்டுக்காரரு எதையும் பாக்காம முழுங்கிட்டு, அப்புறமா என்னையக் குத்தம் சொல்வாரு."

எஸ்தர் படிக்கும் கல்லூரி ஒத்தக்கடைப் பக்கம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து அங்கேயே விடுதியில் இருக்கிறாள். மேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில் டிக்கெட் கேட்ட கண்டக்டர், "ஒத்தக்கடையா? இது நிக்காதே. ஏறயில கேக்கக் கூடாதா?" என்றார். கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் கேட்க வேண்டியதை மட்டும் கேட்காமல் விட்டுவிடுவேன். ஊரைத் தாண்டி இறக்கிவிட்டார். யானைமலை எதிரே படுத்துக் கிடக்க, வெயிலில் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் புது வீடுகள், பெயிண்ட் வாசனை, விற்பனைக்கு என்று எழுதிய மனைக் கற்கள். எங்கள் ஊரில் இவ்வளவு தூரம் நடந்தால் இரண்டு குளமாவது வந்திருக்கும்.

மைதானத்தில் பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எஸ்தரை யாரும் காட்டித்தரத் தேவைப்படவில்லை. எதிர்க் களத்துக்குப் பாடிப் போவதற்கு முன் நடுக்கோட்டருகில் மண்டியிட்டு, நெற்றியைத் தொட்டு ஜெபித்துவிட்டு எழுந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மண்டியிட்டது இடது கால் ஒன்றில் மட்டும். எழுந்தபோது கையைத் தரையில் ஊன்றினாள். இருபது வருடம் ஆட்டம் பார்த்தவன் நான். அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை.

கோச் மேடம் என்னைக் கண்டதும் நாற்காலி போட்டார். "நீங்கதானா சார் அது? உங்க கட்டுரைய நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கேன்."

"முழங்கால் நல்லா இருக்கா மேடம்?"

"நல்லா இல்லாமலா ஆடுறா? மொதல்ல டாக்டர் சர்டிபிகேட் கேட்டேன் சார். அவங்க பாஸ்டர் வந்து உங்க புத்தகத்தக் காட்டினாரு. அச்சுலயே வந்திருச்சே, அப்புறம் என்ன?"

நான் சிரித்து வைத்தேன். டாக்டர் சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டுரை இருக்கிறது. அன்று மாலை லாட்ஜில், சால்னாவுக்குப் பயந்து வாங்கிய இரண்டு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பழமும் இறங்கவில்லை.

சனிக்கிழமை விடுமுறை. எஸ்தர் வீட்டுக்குக் கிளம்பினாள். அதே பஸ்ஸில் நானும். திருமங்கலம் தாண்டியதும் பூமி நிறம் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலம், நடுநடுவே உழுது போட்ட கரிசல். வாழையும் தென்னையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று கலக்கமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் டயர் வெடித்தது.

"எல்லாரும் எறங்குங்க, பின்னாடி வண்டி வருது, ஏத்தி விடுறேன்" என்றார் கண்டக்டர்.

"பின்னாடின்னா எம்புட்டு நேரம்ணே?" என்றார் ஒரு வாலிபர்.

"வந்தா வந்துரும்."

"வரலேனா?"

"வரலேனா நானும் உன் கூடத்தான நிக்கப்போறேன் மாப்ள. போட்டுட்டா ஓடப்போறேன்?"

எஸ்தர் கடைசியாக இறங்கினாள். இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு, வலது காலை யாரோ கொடுத்துவிட்ட சாமான்போல மெதுவாகப் படியில் இறக்கி வைத்தாள். பிறகு சாலையோர மைல்கல்லில் உட்கார்ந்து அந்தக் காலை நீட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சுகமாயிட்டுல்லா மக்களே?" என்றேன். என் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"நீங்கதானண்ணே எழுதினீங்க" என்றாள். "எங்கிட்டக் கேக்குறீங்க?"

பின்னால் வர வேண்டிய வண்டி வரும்வரை அவள் சொன்னதை எல்லாம் நின்றுகொண்டே கேட்டேன். அடிபட்டதும் விடுதித் தோழியோடு மதுரையில் ஓர் எலும்பு டாக்டரிடம் போயிருக்கிறாள். ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணினால் திரும்ப ஆடலாம், பண்ணாமல் ஆடி இன்னொரு தடவை திருகினால் பிறகு ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்று சொல்லி, அவர் தேதியும் கொடுத்திருக்கிறார். அதற்குள் உபவாசக் கூட்டம் வந்தது. பாஸ்டர் எண்ணெய் வைத்து ஜெபித்தார். வலி இருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"அந்த நேரம் வலிக்கலண்ணே. நெசமாவே வலிக்கல. இல்லேன்னு சொன்னேன். எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வீங்குச்சு. அதுக்குள்ள நீங்க எழுதிட்டீங்க."

"டாக்டரிட்டப் போக வேண்டியதுதானே?"

"சாட்சி சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா சொன்னது பொய்யின்னு ஆயிரும்ல? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாஸ்டர் என்னைய முன்னாடி உக்கார வச்சு, எஸ்தர் முழங்கால் படியிடுறதப் பாருங்கன்னு சொல்வாரு. ரெண்டு காலையும் மடக்கித்தான் ஆகணும். பல்லக் கடிச்சுக்கிட்டு மடக்குவேன்."

நீட்டிய காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "மருத்துவர்கள் கைவிட்ட முழங்கால்னு தலைப்பு போட்டீங்களே. டாக்டர் கைவிட்டாருன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது? பாஸ்டரா?"

யோசித்துப் பார்த்தேன். பாஸ்டர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானே போட்டது. சுகமான சாட்சி என்றால் 'மருத்துவர்கள் கைவிட்ட' என்றுதான் ஆரம்பிக்கும். என் கை அதை யோசிக்காமல் எழுதும், கடிதத்தில் 'நலம் நலமறிய ஆவல்' எழுதுவதுபோல. எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன் என்று எண்ணினேன். விரல்கள் போதவில்லை.

"நானும் என் பிரண்டும்தான் டாக்டர்ட்டப் போனோம். அவரு சொன்னத அப்படியே அம்மாட்டச் சொன்னேன். அம்மா புத்தகத்தக் காட்டி, டாக்டரே கைவிட்டுட்டாருன்னு அச்சுல போட்டிருக்கு, நீ எந்த டாக்டரச் சொல்றேங்குது."

சட்னியை மோந்து பார்க்கிறவன், ஒரு வாக்கியத்தை மோந்து பார்க்கவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபத்தில் அந்த மைல்கல்லை உதைக்கலாம் போலிருந்தது. ஆனால் அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீடு பேரையூரிலிருந்து கொஞ்சம் உள்ளே. அப்பா பொன்னையா கொத்தனார், சபைக்குப் போகாதவர். அம்மா ரெபேக்காள் சபையில் எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவர். வாசலில் பொன்னையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க எழுத்தாளரே. எம்மகளுக்குக் காலு குடுத்த ஆளு நீங்கதானா?"

"சும்மா இருங்க" என்றார் ரெபேக்காள். சுவரில் என் கட்டுரை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது, பிளாஸ்டிக் மாலையோடு. ஓர் எழுத்துப்பிழை அதில். அச்சகத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த நேரத்திலும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். கடல் பக்கத்திலிருந்து வந்தவன், பச்சை மீனும் மரச்சீனிக்கிழங்கும் தின்று வளர்ந்தவன். இந்தக் கரிசல் நடுவில் கருவாடு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. மோந்து பார்க்காமல் சாப்பிட்டேன். அந்த வாக்கியத்தை எழுதிய கையால் இனி எதை மோந்து பார்க்கிறது? சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, டாக்டர் கைவிட்டதா நான் எழுதினது தப்பு. அவர நான் கேக்கவே இல்ல. ஆபரேஷன் பண்ணினா சரியாகும்னுதான் அவரு சொல்லியிருக்காரு."

ரெபேக்காள் புன்னகைத்தார். "உங்களுக்குத் தாழ்மை ஜாஸ்தி பிரதர். அவ்வளவு நல்லா எழுதிட்டு, தப்பும்பீங்களா?"

"நெசமாத்தான் அக்கா."

"இவ உங்கட்ட ஏதோ சொல்லி வச்சிருக்கா. விசுவாசம் கொறஞ்சு போச்சு இவளுக்கு." சட்டத்தைக் கை காட்டினார். "கர்த்தர் செஞ்சத அங்க எழுதியிருக்கு."

எஸ்தர் எழுந்து உள்ளே போய்விட்டாள். பொன்னையா என்னை வாசலுக்குக் கூட்டிப் போய் பீடியைப் பற்றவைத்தார்.

"வாயில சொன்னா நம்ப மாட்டா. நானும் மூணு மாசமாக் கத்துறேன். எம்பேச்ச வீட்டுல யாரு கேக்குறா? ஒண்ணு அச்சடிச்சுக் கொண்டாங்க, இல்லேனா அங்க மைக்குல சொல்லுங்க. அவ நம்புறது அந்த ரெண்டத்தான். செவ்வாக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. அதுக்கப்புறம் சொல்லி என்னத்துக்கு?"

அங்கேயே நின்று இதழின் ஆசிரியருக்குப் போன் போட்டேன். திருத்தம் போட வேண்டும், அதற்கு முன் பாஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"தம்பி, மறுப்பு போட்டா விசுவாசிகள் இடறிப் போவாங்க" என்றார். "யாரும் பொய் சொல்லலியே. ஜெபிச்சாங்க, வலி போச்சு. அது நடந்ததுதானே?"

"கால் கிழிஞ்சு கிடக்கு அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை ஆடப் போறா."

"செவ்வாய்க்கிழமை ஜெயிப்பா. அத எழுதிக் கொண்டு வாங்க. விசுவாசத்துல பேசுங்க தம்பி."

இடறிப் போவாங்க என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. விசுவாசிகள் நம்பிக்கையில் இடறிப் போவது பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்கள். கோட்டைத் தாண்டி ஓடப்போகிற ஒரு பெண் இடறி விழுவது பற்றி யாருக்கும் கவலை இல்லை. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத முடியாது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த மாதிரி வார்த்தைகள் நிறையத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. சபை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. எங்கள் ஊரில் முக்குக்கு முக்கு கோபுரம் வைத்த கோயில்; தேவாலயத்தை நாங்கள் கோயில் என்போம். கூட்டத்தில் ஒருவன் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. இங்கே எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். பாய் விரித்து ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். எஸ்தர் முதல் வரிசையில், அம்மா பக்கத்தில். பொன்னையா வாசலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்றார். பேசப் போகிற எனக்கு, மைக்கில் கரண்ட் அடிக்குமோ என்று பயம்.

பாஸ்டர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வந்ததும் என் பையை வாங்கி வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், என் மனைவி பெயரைக் கேட்டு அவளுக்காக ஜெபித்தார். அந்தக் கால் சுகமாகிவிட்டது என்று முழுமனதாக நம்பினார். வீங்கிய காலை ஒரு தடவை பாவாடையை விலக்கிப் பார்க்கச் சொல்லி அங்கிருந்த பெண்களிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நான் கேட்காததுபோலவே.

சாட்சி நேரம் வந்தது. "நம்ம எஸ்தர் சாட்சிய உலகத்துக்கு எழுதின சகோதரர் இப்ப ஒரு வார்த்தை சொல்வாங்க" என்று மைக்கை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். "ஸ்தோத்திரம்" என்றேன். அவர்களும் சொன்னார்கள். "மருத்துவர்கள் கைவிட்ட முழங்கால்னு எழுதினேன். எந்த மருத்துவரும் கைவிடல. அது நானா எழுதினது. எஸ்தருக்கு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் தேதி குடுத்திருக்காரு. அந்தக் கால் இன்னும்..."

"அல்லேலூயா!" என்றார் பாஸ்டர். கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. எங்கள் கூட்டங்களில் யாராவது வழி தவறிப் பேசினால் இப்படித்தான் செய்வோம், பாட்டை எடுத்துவிடுவோம். நானே எத்தனையோ தடவை கைதட்டி அதில் சேர்ந்திருக்கிறேன். இப்போது எனக்கே செய்தார்கள். இன்னும் கிழிந்துதான் கிடக்கிறது என்று கத்தினேன். குலுக்கித் தட்டும் தம்புரின் வாத்தியச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மைக்கை மென்மையாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்தது. "சாத்தான் குழப்பம் பண்ணப் பாக்குறான்" என்றார் பாஸ்டர். "எல்லாரும் முழங்கால் படியிடுவோம். எஸ்தரப் பாருங்க, அவ முழங்காலே பதில் சொல்லும்."

கொட்டகை முழுக்க மண்டியிட்டது. நானும்தான். பழக்கம் விடுமா? தலை நிமிர்ந்து இருந்தது எஸ்தர் ஒருத்திதான். பாயில் உட்கார்ந்தபடியே வலது காலை நேராக முன்னால் நீட்டியிருந்தாள்.

"எஸ்தர்" என்றார் பாஸ்டர்.

"முடியல பாஸ்டர்."

"விசுவாசத்தோட..."

"மூணு மாசமா முடியல பாஸ்டர்."

மைக் இல்லாமலே அது கடைசிவரைக்கும் கேட்டது. மண்டியிட்டிருந்த ரெபேக்காள் மகள் முகத்தைப் பார்த்தார். அந்தக் காலைப் பார்த்தார். திரும்பி என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் யாரிடமும் விவரிக்க விரும்பவில்லை. பிறகு வேதப்புத்தகப் பையை எடுத்து, புத்தகத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பையை மடித்து மகளின் முழங்காலுக்கு அடியில் கொடுத்தார். எல்லாரும் மண்டியிட்டிருக்க, அவரும் காலை நீட்டி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கீபோர்டுக்காரர் எதை வாசிப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மதுரை பஸ். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் எஸ்தர் காலை நீட்டியிருந்தாள். ரெபேக்காள் நின்றுகொண்டே வந்தார். "கால மடக்கும்மா, ஆளுங்க நிக்கிறாகள்ல" என்றார் கண்டக்டர்.

"அது மடக்கக் கூடாத காலு" என்றார் பொன்னையா. வெள்ளைச் சட்டை போட்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். "மடக்கி மடக்கித்தான் இந்த நெலமை."

கோச் மேடத்துக்கு நான் போனில் சொன்னேன். "நோட்டீஸ் போர்டுல இருந்து கிழிச்சிரட்டுமா சார்?" என்றார். கிழித்துவிடுங்கள் என்றேன். அதற்குப் பதிலாக ஒட்ட என்னிடம் எதுவும் இல்லை.

டாக்டர் அறையில் நான்கு பேரும் நின்றோம். அவர் பழைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், காலை அசைத்துப் பார்த்தார், எஸ்தர் உதட்டைக் கடித்தாள்.

"இன்னும் சரிபண்ணலாம். ஆனா முன்னயே வந்திருந்தா இம்புட்டுக் கஷ்டம் இல்ல. ஏம்மா வரல?"

ரெபேக்காள்தான் பதில் சொன்னார். "நீங்க கைவிட்டுட்டதா எழுதியிருந்துச்சுங்க டாக்டர்."

"நானா? ஆபரேஷன் தேதிக்கு வரலன்னு இங்க இருந்து மூணு தடவை போன் போட்டாங்கம்மா. யாரும் எடுக்கல. யாரு எழுதினது அப்படி?"

பள்ளிக்கூடத்தில் கேட்டதுபோல இருந்தது. கையைத் தூக்கிவிட்டேன். "நான்தான் சார்."

அவர் என்னை விட்டுவிட்டுச் சீட்டில் அடுத்த தேதியை எழுத ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். மூன்று தடவை போன் போட்டாங்க, யாரும் எடுக்கல, இன்னும் சரிபண்ணலாம். எழுதிவிட்டு, இருபது வருடத்தில் முதல் தடவையாக, அதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"சரியா சார்?" என்றேன்.